காலருக்குள் ஒரு விரல்

குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்குப் பின்னாலிருக்கும் மலையில் ஏறி இறங்குகிற ஒரு சின்னக் கூட்டம் இருந்தது. அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஏற்றம் பாதி முடிந்ததும் எல்லோரும் நிற்பார்கள். ஒவ்வொருவரும் தன் ஜோடியின் பின்னால் போய், காலருக்குள் ஒரு விரலை விட்டு முதுகைத் தொட்டுப் பார்ப்பார். விரலில் ஈரம் பட்டால் ஜிப்பை இறக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு துணியைக் கழற்ற வேண்டும். சில்லென்று இருந்தால் பையிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும். ஏறுகிற மும்முரத்தில் தன் முதுகு நனைவது தனக்குத் தெரியாது. உச்சியில் காற்று வீசும்போது அந்த ஈரம்தான் எமனாக வரும்.

இதைத் தொடங்கி வைத்தவர் பல் டாக்டரம்மா. அடுத்தவர் கழுத்துக்குள் கை விடுவதா என்று முதலில் எல்லோரும் நெளிந்திருக்கிறார்கள். நாள் முழுக்க ஊரார் வாய்க்குள் கை விடுகிற எனக்கே கூச்சமில்லை, உங்களுக்கென்ன என்று அவர் ஒரே போடாகப் போட்டுவிட்டார். பிறகு அது பழகிப்போனது. பழகியதோடு நிற்காமல் ஒரு மரியாதையாகவும் ஆகிப்போனது. ஒருவருடைய காலரை அவருடைய ஜோடிதான் பார்க்க வேண்டும். இன்னொருவர் பார்த்தால், நீ உன் ஆளைச் சரியாகப் பார்க்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி.

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஜோடி அவருடைய மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை வீட்டுப் பின்னறையிலேயே இருந்துவிட்டார். மெக்கானிக் மாட்டியிருக்கும் உடுப்பை மேலும் கீழும் பார்த்து, உரித்தால் உள்ளே வெங்காயம் இருக்குமா மாப்பிள்ளை இருப்பாரா என்று கிண்டல் செய்வார். ஆனாலும் பாதி வழியில் அவர் விரல் தவறாமல் காலருக்குள் வந்துவிடும்.

ஒரு குளிர்காலத்து ஞாயிறு, பனிமூட்டம் பலமாக இருந்ததால் டாக்டரம்மா நடையை ரத்து செய்திருந்தார். மச்சானுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. நாம் இரண்டு பேர் மட்டும் போவோம் என்றார். கிளம்புகிற நேரத்தில் மெக்கானிக்குக்கு அழைப்பு வந்தது. ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் வயதான அம்மா ஒருவர் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டிருந்தார். நான் மெல்ல நடந்துகொண்டிருக்கிறேன், நீங்கள் பின்னால் வாருங்கள் மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டு மச்சான் புறப்பட்டார். லிஃப்டின் பிரேக் இறுகிப் போயிருந்தது. அதைத் தளர்த்தி, கூண்டைக் கையாலேயே அடுத்த மாடிக்கு இறக்கி, அந்த அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துவிட்டு மெக்கானிக் மலையேறியபோது மத்தியானம் ஆகிவிட்டது.

கொண்டை வளைவில் ஒரு கல் பெஞ்சு உண்டு. மச்சான் அதில் உட்கார்ந்திருந்தார். ஜாக்கெட் அகலத் திறந்திருந்தது. கம்பளித் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். நல்ல வெயிலில் இளைப்பாறுகிறவர் மாதிரி கால்களை நீட்டியிருந்தார். மெக்கானிக் பின்னால் போய், வழக்கம்போல, யோசிக்காமல், காலருக்குள் விரலை விட்டார்.

குளிர் முற்றிய உடம்புக்குக் கடைசியில் அனல் அடிக்கிற மாதிரி தோன்றும் என்றும், அதனால்தான் போர்த்தியிருப்பதையெல்லாம் களைந்து போடுவார்கள் என்றும் டாக்டரம்மா பிறகு பொறுமையாக விளக்கினார். மெக்கானிக்கின் காதில் அது விழுந்தது, மனதில் இறங்கவில்லை. அவருக்கு அந்த விரல்தான் நினைவிருந்தது. இரும்பையும் கிரீஸையும் தொட்டுத் தொட்டுத் தழும்பேறிய விரல். அதிலிருந்து மட்டும், உயிர் போன அந்தக் கழுத்தின் கல் போன்ற குளிர்ச்சி போகவேயில்லை.

மறு குளிர்காலம் வந்தது. ஞாயிறுகளில் அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதை மனைவியால் பார்க்க முடியவில்லை. அண்ணனுக்காக அழுவதா, உங்களைப் பார்த்து அழுவதா, ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டாள். பிறகு அவளே அவருடைய பையை எடுத்து, உடம்போடு ஒட்டுகிற கம்பளி உள்சட்டை, அதன்மேல் போடும் ஸ்வெட்டர், காற்றைத் தடுக்கும் ஜாக்கெட், மாற்றிக்கொள்ள உலர்ந்த சட்டை ஒன்று என்று அடுக்கி வைத்தாள். அவர் கிளம்பினார்.

பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில்தான் கூட்டம் சேரும். மூட்டத்துக்குள் ஆறேழு உருவங்கள் நின்றிருந்தன. அவற்றில் ஒன்று மச்சான்.

துரு நிற ஜாக்கெட். இடது முழங்கையில் ஒட்டு. அந்த நிறத்தில் நூல் கிடைக்காமல் பச்சை நூலால் மெக்கானிக்கின் மனைவி தைத்த ஒட்டு. உருவம் திரும்பியது. உள்ளே இருந்தது மச்சான் இல்லை, யாரோ ஒரு இளைஞன். மூக்கு சிவந்து, பல் கிடுகிடுக்க, வணக்கம் அண்ணே என்றான்.

வெயில் ஊரிலிருந்து மாற்றலாகி வந்த வங்கி குமாஸ்தா அவன். முதல் வாரம் வீட்டுப் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றிருக்கிறான். அன்று முதல் கூட்டத்தில் அவன் பெயர் போர்வை. அவன் நடுங்குவதைப் பார்த்த, கூட்டத்திலிருக்கும் ரொட்டிக்கடைக்காரர், வழிபாட்டுக் கூடத்தில் ஏழைகளுக்காகத் துணிமணி சேர்த்து வைத்திருக்கிறார்கள், கூச்சப்படாமல் போய் எடுத்துக்கொள் என்று அனுப்பியிருக்கிறார். அண்ணனின் துணிகளை யாருக்காவது உதவட்டும் என்று அங்கேதான் மெக்கானிக்கின் மனைவி கொடுத்திருந்தாள். கொடுத்ததை அவரிடம் சொல்லவும் செய்திருந்தாள். துணிகள் என்றால் சட்டையும் கால்சட்டையும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் நியாயம்தான். ஒருவர் போன பிறகு அவர் ஜாக்கெட் இன்னொருவரைக் காப்பது நல்லதுதான். இதை அவரும் தனக்குள் சொல்லிப் பார்த்தார். ஆனால் டாக்டரம்மா, இரண்டு பேருமே ஒற்றையாக இருக்கிறீர்கள், நீங்களே ஜோடி சேருங்கள் என்றபோது அவர் குனிந்து, அவிழாத ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டினார்.

பாதி வழியில் எல்லோரும் நின்றார்கள். போர்வை முதுகைக் காட்டிக்கொண்டு பணிவாக நின்றான். மெக்கானிக் அவன் பின்னால் போனார். பழக்கப்பட்ட காலர். உள்பக்கம் நைந்து வெளுத்த அதே இடம். விரலைத் தூக்கினார். உள்ளே என்ன இருக்கும் என்பது அந்த விரலுக்குத் தெரியும் போலிருந்தது. கையைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"சரியா இருக்கு," என்றார்.

தொடாமலே தொட்ட மாதிரி சொன்ன அந்தப் பொய்யை யாரும் கவனிக்கவில்லை. அடுத்த வாரமும் சரியா இருக்கு என்றார். அதற்கடுத்த வாரமும் அதுதான். தன் காலரையும் அவர் யாரிடமும் காட்டவில்லை. எனக்கு வியர்க்காது, விடப்பா என்று போர்வையைத் தள்ளிவிடுவார். நடக்கும்போது அவனைவிட்டு நன்றாகப் பின்தங்கி வருவார். அதனால் ஒன்று நடந்தது. வழியெல்லாம் அவர் கண்ணெதிரே அந்தத் துரு நிற முதுகு மூட்டத்தில் கரைவதும் தெளிவதுமாகவே இருந்தது. சில வளைவுகளில் அது தோளைச் சாய்த்து நடப்பதும், ஒரு கையை முதுகில் வைத்துக்கொள்வதும் அச்சு அசல் மச்சான்தான். ஒருமுறை, யாருமில்லாத பக்கத்திலிருந்து, ஜிப் ஒன்று மெல்ல இறங்குகிற சத்தம் கேட்டது. இன்னொரு முறை, கொண்டை வளைவுக் கல் பெஞ்சு முழுக்கப் பனி மூடியிருந்தபோது, நடுவில் ஓர் ஆள் உட்காரும் அகலத்துக்கு மட்டும் காய்ந்து கிடந்தது. எவராவது சற்று முன் உட்கார்ந்து போயிருக்கலாம். அன்று அவர்களுக்கு முன்னால் மலையேறியவர் எவருமில்லை. அவர் வீட்டில் எதையும் சொல்லவில்லை. அடுப்பைவிட்டு நகரமாட்டேன் என்கிறீர்களே என்று மனைவி கேட்டதற்கு, குளிர் என்றார்.

பிறகு ஒரு ஞாயிறு காலையில் வானம் ஈயப் பாத்திரம் போல இருந்தது. போர்வை அன்று தடித்துத் தெரிந்தான். முந்தின வாரம் கூட்டத்தில் வருகிற, ஊருக்குத் தபால் கொடுக்கிற தபால் அக்கா, கோழிக்குஞ்சு மாதிரி நடுங்குறியே தம்பி என்று கேலி செய்திருந்தாள். ரோஷம் வந்து, இருந்த பருத்தி பனியன் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, அதன்மேல் பருத்திச் சட்டை, அதன்மேல் ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேலே ஜாக்கெட்டைத் தாடை வரை இழுத்துப் பூட்டியிருந்தான். வெயில் ஊர்க்காரன். பருத்தியைத் தவிர வேறு துணியை அவன் உடம்பு அறியாது. அது வியர்வையைக் குடித்துக்கொண்டு விடாது என்பதை அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை. அதெல்லாம் அவன் ஜோடி சொல்லியிருப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

பாதி வழியில் மெக்கானிக் சற்றுத் தள்ளியே நின்றுகொண்டார். மூட்டத்துக்கு அந்தப் பக்கம் போர்வை முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பது நிழலாகத் தெரிந்தது. போய்த் தொடாமல், போகலாம் என்று மட்டும் கையைக் காட்டினார்.

உச்சியில் தபால் அக்கா வழுக்கி விழுந்தாள். கணுக்கால் பிசகிவிட்டது. ரொட்டிக்கடைக்காரர் தன் ஊன்றுகோலை ஒடித்துக் கட்டுப்போட, மற்றவர்கள் காற்றுக்கு முதுகைக் கொடுத்து வட்டமாக நின்றார்கள். வெகு நேரமாயிற்று. அக்கா வலியிலும் சும்மா இருக்கவில்லை, எத்தனை வீட்டு நாய்க்குத் தப்பின கால், கேவலம் ஒரு கல்லுக்குத் தோத்துப்போச்சே என்று சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தாள். ஏற்றத்தில் நனைந்த உடம்பு நிற்கிற நிலையில் எப்படி விறைக்கும் என்பது டாக்டரம்மாவுக்குத் தெரியும். எல்லோரும் ஜோடியைப் பார்த்தாச்சா என்று இரண்டு முறை கேட்டார். மெக்கானிக் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பி, வேறு எவரும் போர்வையின் பக்கம் போகவில்லை.

நால்வர் அக்காவைத் தாங்கிக்கொண்டு மெல்ல வர, முன்னால் போய் அடிவாரத்தில் வண்டிக்கு ஏற்பாடு செய்யச் சொல்லி மெக்கானிக்கையும் போர்வையையும் அனுப்பினார்கள். அப்போது பனியும் மழையும் கலந்து சாரல் அடிக்கத் தொடங்கியது.

போர்வை முன்னால் போனான். முதலில் வேகமாக நடந்தான். பிறகு அவன் நடை பின்னிக்கொண்டது. ஏதோ முனகினான். மெக்கானிக் என்ன என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. உச்சியிலிருந்து ஓயாமல் நடுங்கிக்கொண்டிருந்த அந்த முதுகு இப்போது நடுங்கவில்லை. பழகிவிட்டான் போல என்று மெக்கானிக் நினைத்தார். நினைத்தவுடனேயே அது பொய் என்று அவருக்குத் தெரிந்தது. அதற்குள் முதுகு மூட்டத்தில் மறைந்துவிட்டது.

கொண்டை வளைவைத் திரும்பினார்.

கல் பெஞ்சில் ஜாக்கெட் உட்கார்ந்திருந்தது. அகலத் திறந்திருந்தது. தொப்பி மடியில் இருந்தது. கால்கள் நீட்டியிருந்தன.

போன வருஷமே இன்னும் முடியவில்லை, நடுவில் வந்து போன மாதங்கள் எல்லாம் தான் கண்ட கனவு, இதோ இப்போதுதான் லிஃப்ட் வேலையை முடித்துவிட்டு மேலே வந்திருக்கிறோம் என்று அவருக்குத் தோன்றியது. திரும்பி ஓடிவிட வேண்டும் போலிருந்தது. ஓடினால் பின்னால் வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் அவர்கள் அக்காவைத் தூக்கிக்கொண்டு நத்தை போல வருகிறார்கள்.

பெஞ்சிலிருந்த முகம் அவரைப் பார்த்துச் சிரித்தது.

"வெயில் நல்லா இருக்குண்ணே," என்றான் போர்வை. "வந்து உக்காருங்க."

கடவுளே என்று மெக்கானிக் வாய்விட்டுச் சொன்னார். வேறு எதைச் சொல்லி வேண்டிக்கொள்வதென்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு அவன் பின்னால் போய், கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி, காலருக்குள் விரலை விட்டார்.

சொதசொதவென்று ஈரம். ஈரத்துக்கு அடியில் குளிர். அந்தக் குளிருக்கும் அடியில், காதுக்குக் கீழே, ஏதோ தட்டிக்கொண்டிருந்தது. மெதுவாக, சண்டைக்கு வராமல், ஆனால் விட்டுக்கொடுக்காமல்.

அதன்பின் அவர் பயப்பட நேரமில்லை. ஜாக்கெட்டையும் ஸ்வெட்டரையும் உருவினார். பருத்தித் துணிகள் தோலோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தன. இடுப்புக் கத்தியால் கிழித்தே எடுத்தார். எனக்குப் புழுக்குது, விடுங்கண்ணே என்று போர்வை குழந்தை மாதிரி முரண்டு பிடித்தான். தன் பையிலிருந்த உலர்ந்த சட்டையால் அவனைத் துடைக்காமல் ஒற்றி எடுத்து, தன் உடம்பிலிருந்த கம்பளி உள்சட்டையைக் கழற்றி, உடம்புச் சூடு ஆறுமுன் அவனுக்கு மாட்டினார். மேலே தன் ஸ்வெட்டரையும் தன் ஜாக்கெட்டையும் போட்டார். மச்சானின் ஜாக்கெட்டைத் தன் வெறும் மேலில் இழுத்துவிட்டுக்கொண்டார். தொப்பியை அவன் காதுக்குக் கீழே வரை இறக்கினார். பின்னால் வருகிறவர்களைப் பார்த்து ஊர் கேட்கக் கத்தினார். பிறகு அவன் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, பேச்சுக் கொடுத்துக்கொண்டே நடத்தினார். வங்கியில் என்ன வேலை, மேனேஜர் எப்படி, கடன் கேட்டால் தருவாரா என்று என்னென்னவோ கேட்டார். போர்வை ஒரு கேள்விக்கும் சரியாகப் பதில் சொல்லவில்லை. அடிவாரத்துக்குக் கொஞ்சம் மேலே வரும்போது, மேனேஜர் மகா கஞ்சன் அண்ணே என்றான். சொன்ன கையோடு மறுபடி பல் கிடுகிடுக்க நடுங்கத் தொடங்கினான். உயிர் திரும்பிய அந்த நடுக்கத்தைப் பார்த்து மெக்கானிக்குக்குக் கண் நிறைந்துவிட்டது.

ரொட்டிக்கடையின் பின்கட்டில், அடுப்புக்கு எட்டவும் இல்லாமல் கிட்டவும் இல்லாமல், மாவு மூட்டைகளின்மேல் அவனைப் படுக்கவைத்தார்கள். டாக்டரம்மா நாடி பார்த்து, சர்க்கரை கரைத்த வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்தார். இனிப் பயமில்லை என்று சொல்லிவிட்டு அக்காவின் காலைக் கவனிக்க முன்கட்டுக்குப் போனார். மெக்கானிக் மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் உட்கார்ந்தார். பெரிய காரியம் செய்தவரைப் போல எல்லோரும் அவர் முதுகைத் தட்டிவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு தட்டலும் அவருக்குச் சவுக்கடியாக விழுந்தது. ஒரு விரல் நீளத்துக் கருணைதான் அவரிடம் கேட்கப்பட்டிருந்தது. அதை அவர் வாரம் தவறாமல் மறுத்திருந்தார். இதையும் மறைத்துவைத்து வாழ அவரால் முடியாது.

"தம்பி, ஒண்ணு சொல்லணும்," என்றார். "ஒரு வாரம்கூட நான் உன் கழுத்தைப் பாக்கல. சரியா இருக்குன்னு சும்மா சொன்னேன். இன்னைக்கும் பாக்கல. நீ அப்படிக் கிடந்தது என்னாலதான்."

போர்வை குழப்பத்தோடு அவரைப் பார்த்தான்.

"இல்லண்ணே. மத்த வாரம் தெரியாது. இன்னைக்குப் பாத்தீங்களே."

"இல்லப்பா."

"பாதி வழியில நின்னப்ப. பின்னாடி வந்து விரலை விட்டீங்க. முதுகெல்லாம் ஈரம், ஜிப்பை இறக்குன்னு காதுல சொன்னீங்க. நான்தான் கேக்கல. இறக்கினா மறுபடி நடுங்குவேன், அக்கா சிரிப்பாங்கன்னு." அவன் வெட்கப்பட்டான். "குரல் கொஞ்சம் கம்மலா இருந்துச்சு. சளி பிடிச்சிருக்குன்னு நினைச்சேன்."

பாதி வழியில் எல்லோரும் ஜோடி ஜோடியாக நின்றதை மெக்கானிக் நினைத்துப் பார்த்தார். டாக்டரம்மாவோடு ரொட்டிக்கடைக்காரர். தபால் அக்காவோடு அவள் நாத்தனார். இன்னொரு ஜோடி, கணவன் மனைவி. அவர்களில் யாரும் இன்னொருவர் ஜோடியைத் தொடமாட்டார்கள். பின்னங்கழுத்தில் அவருக்கு மயிர் சிலிர்த்தது. ஆனால் இத்தனை வாரமாக இருந்த பயம் இது இல்லை. அவர் செய்யாமல் விட்டதை அவருக்காக யாரோ செய்துகொண்டு வந்திருக்கிறார்கள். அது யாராயிருந்தாலும், குரல் கம்மும்வரை சொல்லியிருக்கிறார்கள்.

"அந்த விரல்," என்று கேட்டார். "ரொம்பக் குளிர்ச்சியா இருந்துச்சா?"

"அதான் அண்ணே ஆச்சரியம். எல்லாருக்கும் கை விறைச்சுப் போயிருந்துச்சு. உங்க விரல் மட்டும் அப்பதான் நெருப்புல காட்டிட்டு வந்த மாதிரி கதகதப்பா இருந்துச்சு."

வீட்டுக்குப் போனதும் அவர் மனைவியை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார். சொல்லாமல் விட்டதையெல்லாம், பெஞ்சில் காய்ந்து கிடந்த இடம் உட்பட, ஒன்றுவிடாமல் சொன்னார். பைத்தியமா உங்களுக்கு என்று அவள் கேட்கவில்லை. போர்வை சொன்னதை மட்டும் இரண்டாம் முறை சொல்லச் சொன்னாள். சொன்னார்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லாக் கேட்டீங்களா? கதகதப்பாத்தான் இருந்துச்சுன்னானா?"

"ஆமா."

"அண்ணன் குளிர்லயே உக்காந்திருக்காருன்னு நான் இந்த வருஷம் பூரா நினைச்சுட்டு இருந்தேங்க," என்றாள். அதுவரை அவள் இதை அவரிடம் சொன்னதே இல்லை. பிறகு எழுந்து போய்ச் சுடுதண்ணீர் வைத்தாள். அந்தத் தம்பிக்கு இந்த ஊரில் சமைத்துப்போட யாரும் இல்லையே, ராத்திரிச் சாப்பாட்டை நான் கட்டித் தருகிறேன், கையோடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாருங்கள் என்று அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள். பருத்தி பனியன்களை அவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டு வரவும் சொன்னாள்.

கிழித்துப் போட்டாயிற்று என்றார் அவர்.